தரவுத்தள நூல் எழுதுவோர்க்கு: எடுத்துக்காட்டுத் தரவு எங்கிருந்து வரவேண்டும்?

குடந்தை நிரலர்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதி வருகிறேன். நிரலர்களுக்காகத் தரவுத்தளம் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும் நூல் அன்று இது. வினவல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளை) எழுதத் தெரியும், ஆனால் அது ஏன் தாமதமாகிறது என்றோ, இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்றோ கேட்டால் பதில் தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது.

தொடக்க இயல்கள் எளிதாகவே வந்தன. 1970-இல் ஐபிஎம் சான் ஹோசே ஆய்வகத்தில் எட்கர் கோட் தரவை அட்டவணைகளாக அமைப்பது பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி வரலாற்றைச் சொல்லிவிட்டேன். இப்போது எடுத்துக்காட்டில் நிற்கிறேன். பணியாளர்–துறை அட்டவணையையும் இணையக் கடையையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவற்றையே எடுத்துக்கொண்டால் எழுதும் எனக்கே சலிப்பாக இருக்கிறது. அதைக் காரணமாகச் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. நூல் எழுதிய அனுபவம் உள்ளவர்கள் எடுத்துக்காட்டுத் தரவை எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தஞ்சை நூலாசிரியர்:

சலிப்பு ஒரு நல்ல காரணம்தான். அதற்குப் பின்னால் இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. என் நூலில் நான் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். நம் பகுதியில் அறுவடைக் காலத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஊருக்கு ஊர் திறக்கிறதே, அந்த நேரடி நெல் கொள்முதல் நிலையம்தான். மண்வாசனைக்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வினவல் தவறான விடையைத் தந்தால், அது தவறு என்பதை நிரலைப் படிக்கும் முன்பே வாசகர் உணர வேண்டும். அதற்கு இடம்கொடுக்கும் தரவே நூலுக்கு ஏற்ற தரவு என்பது என் கருத்து.

அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் பற்றிய இயலில் நான் வைத்த கணக்கைச் சொல்கிறேன். ஒரு விவசாயிக்கு இரண்டு ஏக்கர். அவர் 40 கிலோ மூட்டைகளாக ஒருநாள் 70, இன்னொரு நாள் 50 என 120 மூட்டை போடுகிறார். பணம் அவருக்கு மூன்று தவணைகளில் வரவாகிறது. எடை அட்டவணையையும் வரவு அட்டவணையையும் விவசாயி எண்ணை வைத்து ஒரே வினவலில் இணைத்து மூட்டைகளைக் கூட்டினால், ஒவ்வொரு எடை வரிசையும் மூன்று முறை வந்து 360 மூட்டை என்று விடை தருகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் ஏக்கருக்கு 180 மூட்டை என்று கண்ணில் பட்டதும், அதாவது ஏழு டன்னுக்கு மேல், வயல் பக்கம் போயிருக்கும் எவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இணையக் கடையில் ஒருவர் மூன்று சட்டை வாங்கினாரா ஒன்பது வாங்கினாரா என்பதில் அந்த உறுத்தல் வராது. இரண்டும் நடக்கக்கூடியவைதாமே.

அடுத்தது நில விவரம். புல எண்ணை முழு எண்ணாக வைக்கலாம் என்றுதான் புதியவர்கள் எல்லோரும் தொடங்குவார்கள். 112/3 என்ற உட்பிரிவு வந்ததும் அது உடையும். 112/3 பாகப்பிரிவினையில் 112/3ஏ, 112/3பி என்று பிரிந்ததும் பழைய எண் செல்லாததாகும், ஆனால் பழைய பத்திரங்களில் இருந்துகொண்டே இருக்கும். அந்த எண் வருவாய்க் கிராமத்துக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது என்பதால், ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் பற்றிய பாடம் முழுவதும் அதிலேயே கிடைத்துவிடும். தன்னைத்தானே சுட்டும் அட்டவணைக்கும் தன் விடையையே மீண்டும் எடுத்துத் தொடரும் ரிகர்சிவ் வினவலுக்கும் மேலாளர்–பணியாளர் படிநிலையைத் தேடிப்போக வேண்டியதில்லை. ஒரு மனை எந்த வயலிலிருந்து எத்தனை முறை பிரிந்து வந்தது என்ற கேள்வியே போதும்.

மன்னை டிபிஏ:

டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகி, என்ற முறையில் சொல்கிறேன்: ஆசிரியர் சொன்ன நில விவரத்தோடு மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவாரூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 1997 முதல் தனி மாவட்டம். மயிலாடுதுறை 1991 வரை தஞ்சை, 2020 வரை நாகை, அதன் பிறகு தனி. ஊர் அட்டவணையில் மாவட்டம் என்று ஒரே ஒரு நெடுவரிசை வைத்து, புதிய மாவட்டம் பிறந்ததும் அதை அப்டேட் செய்துவிட்டால், 1995-ஆம் ஆண்டின் நாகை மாவட்டக் கொள்முதல் கணக்கு அப்போதே கலைந்துவிடும். ஒரு மதிப்பு எந்தக் காலத்தில் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒன்று போதும்.

இங்கே உங்களுக்கு அடுத்த முடிவு வந்து நிற்கும்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் எதை வைத்து எழுதுவது? எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதுகிறேன் என்று இறங்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் கால எல்லைக்கென ரேஞ்ச் வகையும், ஓர் ஊருக்கு இரு மாவட்டக் காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தடுக்கும் எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் இவ்விரண்டும் இல்லை. அதே மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முன்பு மதிப்பு ஒரு நிபந்தனைக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் செக் கட்டுப்பாட்டை எழுத அனுமதித்துவிட்டு, சத்தமில்லாமல் புறக்கணித்து வந்தது. ஏறுவரிசையில் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி, null) மதிப்புகள் போஸ்ட்கிரெஸில் கடைசியில் வரும், மைஎஸ்க்யூஎல்லில் முதலில் வரும். ஆரக்கிளில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமே நல் ஆகிவிடும். பொது நூல் எழுதினால் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விதிவிலக்கு தேவைப்பட்டு, அடிக்குறிப்பே நூலாகிவிடும்.

நாகை மாணவி:

ஐயா, நான் இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு மைஎஸ்க்யூஎல்தான். நூல் போஸ்ட்கிரெஸில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் வாங்கத் தயங்குவோம் அல்லவா?

மன்னை டிபிஏ:

தயங்குவீர்கள்தான், தங்கையே. ஆனாலும் ஒன்றை ஆழமாகக் கற்றவர் மற்றொன்றுக்கு விரைவில் மாறிவிடுவார் என்பதை வேலையில் பார்த்துவருகிறேன். வேறுபாடு தெரியவேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும் நூலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளை (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதிகளை) ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் ஐசொலேஷன் பற்றிய இயல் அப்படிப்பட்ட இடம்.

கொள்முதல் நிலையத்தின் சாக்கு இருப்பு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு எழுத்தர்களின் நிரலும் 500 என்று படிக்கின்றன. ஒருவர் 80 சாக்கு கொடுத்து 420 என்று எழுதுகிறார். மற்றவர் 60 கொடுத்து 440 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 360. போஸ்ட்கிரெஸின் இயல்பு ஐசொலேஷன் நிலையான ரீட் கமிட்டடில் (உறுதிசெய்யப்பட்டதை மட்டும் படிக்கும் நிலையில்) இந்தத் தவறு நடக்கும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி இயல்பாக வைத்திருப்பது ரிப்பீட்டபிள் ரீட், அதாவது மீண்டும் படித்தாலும் அதே மதிப்பு வரும் நிலை. பெயரைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் அதிலும் இரண்டாவது அப்டேட் தடையின்றி நடந்து 440 என்றே நிற்கும். அதே ரிப்பீட்டபிள் ரீட் நிலையைப் போஸ்ட்கிரெஸில் வைத்தால், இரண்டாவது பரிவர்த்தனை பிழை தந்து விழும், நிரல் அதை மீண்டும் முயல வேண்டும். ஒரே பெயர், இரு வேறு நடத்தை. இதை இரு சன்னல்களைத் திறந்து, இன்ன வரியை இந்தச் சன்னலில், அடுத்த வரியை அந்தச் சன்னலில் என்று வாசகரையே தட்டச்சுச் செய்ய வையுங்கள். பிறகு, இருப்பிலிருந்து 80-ஐக் கழி என்று தரவுத்தளத்திடமே கணக்கை விடுவது, முன்னதாகவே வரிசையைப் பூட்டிப் படிப்பது, பதிப்பு எண் வைத்துச் சரிபார்ப்பது ஆகிய தீர்வுகளுக்குப் போகலாம்.

கோவை வாசகர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் டெல்டாக்காரன் இல்லை. கொள்முதல் நிலையம், சாக்கு, புல எண் என்று நூல் முழுவதும் போனால் எங்கள் ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கோ யாழ்ப்பாணத்து வாசகருக்கோ அது அந்நியமாகத்தானே இருக்கும்? ஏக்கருக்கு 180 மூட்டை என்றால் எனக்கு எந்த உறுத்தலும் வரவில்லை என்பதை உண்மையாகவே சொல்கிறேன்.

தஞ்சை நூலாசிரியர்:

நியாயமான கேள்வி. ஆகவே முதல் இயலிலேயே அந்த உலகத்தின் நடைமுறையை இரண்டு பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்: விவசாயி சிட்டா, அடங்கல் கொண்டுவருகிறார், ஈரப்பதம் பார்க்கிறார்கள், 40 கிலோவாக எடை போடுகிறார்கள், பட்டியல் எழுத்தர் பதிகிறார், பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஓர் ஏக்கரில் சுமாராக 60 மூட்டை விளையும். அவ்வளவுதான். பிறகு 180 என்றதும் உங்களுக்கும் உறுத்தும். நூலாசிரியருக்கு நன்கு தெரிந்த உலகமாக அது இருப்பதுதான் இன்றியமையாதது. விதிவிலக்குகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பது தெரிந்தவருக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதினால் திருப்பூர் பின்னலாடை ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, நிறம், கழிவு, சாயப்பட்டறைக்குப் போய்வருவது என்று என்னால் எழுத முடியாத அளவுக்கு வளம் அதில் இருக்கும்.

வல்லம் விரிவுரையாளர்:

எனக்கு ஓர் ஐயம். இவ்வளவு உண்மையான களத்தை எடுப்பதென்றால், எங்காவது கிடைக்கும் உண்மையான பட்டியலையே பயன்படுத்திவிடலாமே?

தஞ்சை நூலாசிரியர்:

கூடவே கூடாது. பெயர், நிலம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் பட்டியல் அது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்யமாட்டேன். களத்தின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசைகளை நிரல் எழுதி உருவாக்குங்கள்.

மன்னை டிபிஏ:

உருவாக்குவதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான நூல்கள் இங்கேதான் வாசகரைக் கைவிடுகின்றன. பத்து வரிசை அட்டவணையில், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைப் போட்டுவிட்டு, வினவல் ஓடும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் அந்த இண்டெக்ஸைத் தொடாது. முழு அட்டவணையும் 8 கேபி அளவுள்ள ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்போது அது ஏன் இண்டெக்ஸுக்குப் போகவேண்டும்? நூலில் இண்டெக்ஸ் வேகமானது என்று இருக்கும், வாசகரின் திரையில் முழு அட்டவணையையும் படிப்பதாக இருக்கும். ஆகவே எடை அட்டவணையில் சில இலட்சம் வரிசைகளாவது வேண்டும். தொடர் எண்களைத் தரும் ஜெனரேட் சீரீஸை வைத்து ஒரே கட்டளையில் உருவாக்கிவிடலாம்.

எண்ணிக்கை மட்டும் போதாது. எல்லா மாதங்களுக்கும் சமமாகத் தூவினால் வினவலை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானரைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. நம் ஊரில் கொள்முதல் சமமாகவா நடக்கிறது? சம்பா, தாளடி அறுவடையாகும் தை, மாசியில் வரிசைகள் குவியும். குறுவைக்குப் புரட்டாசி, ஐப்பசியில் ஓரளவு வரும். வைகாசியில் ஏறக்குறைய ஒன்றும் இராது. அந்த ஏற்றத்தாழ்வைத் தரவில் அப்படியே வைத்தீர்களானால், ஒரே வினவல் மாசி மாதத்துக்கு முழு அட்டவணையையும் படிக்கும், வைகாசிக்கு இண்டெக்ஸ் வழியாகப் போகும். ஒரே கட்டளைக்கு இரண்டு திட்டங்கள் ஏன் என்ற கேள்வி வாசகரிடமிருந்தே எழும், புள்ளிவிவரம் பற்றிய இயலை அங்கே தொடங்கலாம்.

திருவாரூர் அச்சுக்கோப்பாளர்:

நிரல் நூல்களைப் பக்கம் கட்டித் தருபவன் என்ற முறையில் சில வார்த்தைகள். மேலே ஐயா சொன்ன எக்ஸ்பிளெயின் வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். அதில் உள்ள மில்லிநொடிகள் எந்த வாசகரின் கணினியிலும் அப்படி வரப்போவதில்லை. காஸ்ட்ஸ் (மதிப்பிட்ட செலவு), டைமிங் (நேரம்), சம்மரி (மொத்த நேரச் சுருக்கம்) மூன்றையும் அணைத்துவிட்டுத் திட்டத்தின் வடிவத்தை மட்டும் தந்தால் வரியும் குறுகும், பக்கத்துக்குள்ளும் அடங்கும்.

இரண்டாவது, ஒற்றை மேற்கோள்குறி. பக்கம் கட்டும் மென்பொருள் நேர்க்குறியை வளைந்த குறியாகத் தானே மாற்றிவிடும். நூலைப் பார்த்துத் தட்டச்சுச் செய்பவருக்குப் பாதகமில்லை, மின்னூலிலிருந்து நகலெடுப்பவருக்கு முதல் வரியே பிழை தரும். கருத்துரைக்காக இடும் இரு சிறு கோடுகளும் ஒரே நீண்ட கோடாகச் சேர்ந்துவிடும். நிரல் பகுதிக்கென்று தனிப் பாணி வைத்து, அதில் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. நிரலுக்குச் சம அகல எழுத்துரு என்பார்கள். தமிழ் எழுத்துகள் அதில் சம அகலமாக நிற்பதில்லை. ஊர்ப்பெயர்கள் தமிழில் இருக்கும் வெளியீட்டில் செங்குத்துக் கோடுகள் வரிக்கு வரி விலகிப்போகும். இடைவெளி தட்டிச் சரிசெய்வது வீண் வேலை. வெளியீட்டை உரையாகத் தராமல் உண்மையான அட்டவணையாகத் தாருங்கள். ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவில் கோப்பைத் தரச்சொல்லும் அச்சகங்கள் இன்னும் உண்டு, அங்கே நிரல் நூலைக் கொண்டுபோகாதீர்கள்.

குடந்தை நிரலர்:

ஐயா, தமிழ் எழுத்துகள் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: தரவையே தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா என்பதிலும் குழப்பம் இருக்கிறது.

தஞ்சை நூலாசிரியர்:

தமிழிலேயே வையுங்கள். அட்டவணைப் பெயரும் நெடுவரிசைப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அலுவலகத்தில் அப்படித்தானே எழுதப்போகிறார்கள். மதிப்புகள் தமிழில் இருந்தால் வேறெந்த நூலிலும் கிடைக்காத ஓர் இயல் உங்களுக்குக் கிடைக்கும். தஞ்சாவூர் என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுகிறோம். போஸ்ட்கிரெஸிடம் எழுத்து நீளம் கேட்டால் 9 என்கிறது, பைட் நீளம் கேட்டால் 27 என்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும், ஒருங்குறியைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். பெயருக்கு 20 எழுத்து போதும் என்று எல்லை வைப்பவர் எதை எண்ணுகிறார் என்று இதிலிருந்து கேட்கலாம்.

கொரடாச்சேரி இன்னும் சுவையானது. முதலெழுத்திலுள்ள ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஊர்ப்பெயருக்கு, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு போட்டிருந்தாலும் இரண்டு கொரடாச்சேரிகள் உள்ளே நுழைந்துவிடும், கூட்டுத்தொகை இரண்டு வரிசையாகப் பிரிந்து வரும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு, இருவகை எழுத்தையும் ஒரே வடிவாக்கும் நார்மலைஸ் செயற்கூறு இருக்கிறது. அகரவரிசையும் அப்படித்தான். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருப்பதால், வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் நம் அகராதி வரிசை வராது. மொழிவாரி வரிசை விதிகளைக் கொண்ட ஐசியூ நிரலகத்தின் ஒழுங்கைக் கேட்டுப் பெறவேண்டும்.

மன்னை டிபிஏ:

அந்த இயலில், லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த அந்தப் பதிப்பில் எழுத்து ஒழுங்கு மாறியதால், இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தியவர்களின் உரை இண்டெக்ஸ்கள் பழைய ஒழுங்கிலேயே நின்றன. இருக்கும் வரிசையை இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. ரீஇண்டெக்ஸ் செய்தே தீரவேண்டியிருந்தது. இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய ஏடு என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது.

வல்லம் விரிவுரையாளர்:

நூல் அச்சாகி வருவதற்குள் பதிப்பு மாறிவிடுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பை வெளியிடுகிறது.

தஞ்சை நூலாசிரியர்:

மாறத்தான் செய்யும். 12-ஆம் பதிப்புக்கு முன்பு, வித் என்று தொடங்கும் துணை வினவல் தனியே கணக்கிடப்பட்டு முதன்மை வினவலிலிருந்து பிரிந்தே நிற்கும் என்று எழுதியிருந்தவர்களின் பக்கங்கள் 2019-இல் பழசாயின. 18-ஆம் பதிப்பில் வினவலை ஓட்டிப் பார்த்துத் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கேட்டால், எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன என்ற பஃபர்ஸ் விவரமும் தானே சேர்ந்து வருகிறது. எனவே நூலில் உள்ள எந்த வெளியீட்டையும் நான் கையால் ஒட்டவில்லை. ஒவ்வொரு வினவலும் தனிக் கோப்பு. நூலைத் தொகுக்கும்போதெல்லாம் மென்பொருளைத் தனிச் சூழலில் ஓட்டும் டாக்கரில் புதிய தரவுத்தளம் எழும்பி, தரவு ஏறி, வினவல்கள் ஓடி, வெளியீடு மூலப்படியில் தானே சேரும். முந்தைய வெளியீட்டோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் நான் படித்துப் பார்ப்பேன். இந்த ஏற்பாட்டை எழுதத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பாதி நூலுக்குப் பிறகு செய்வதற்கு மனம் வராது.

விடையின் வரிசைமுறையைக் குறிப்பிடும் ஆர்டர் பை இல்லாத வினவல் ஒன்றுகூட அச்சில் இருக்கக்கூடாது என்பதையும் விதியாக வைத்துக்கொண்டேன். வரிசை எப்படி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெரிய அட்டவணையை இருவர் ஒரே நேரத்தில் முழுவதும் படித்தால், போஸ்ட்கிரெஸ் இரண்டாமவருக்கு நடுவிலிருந்துகூடத் தொடங்கும்.

குடந்தை நிரலர்:

மிக்க நன்றி. கொள்முதல் நிலையம் உங்களுடையது என்பதால், நான் எங்கள் குடும்பத்தார் செய்துவரும் பாத்திரக்கடையை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். பித்தளையும் வெண்கலமும் எடைக்கு வாங்கி, உருப்படிக் கணக்கில் விற்று, பழைய பாத்திரத்தை மாற்றாக எடுத்துக்கொள்ளும் வணிகம் அது. எடையைத் துல்லியமான தசம எண்ணாக வைப்பதா, தோராயமாகச் சேமிக்கப்படும் மிதவை எண்ணாக வைப்பதா என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். செட்சீடில் தொடக்க விதை எண்ணைக் கொடுத்து, தற்போக்கு எண்களைத் தரும் ராண்டமில் மூன்று இலட்சம் விற்பனை வரிசைகளை உருவாக்கி, அந்த ஸ்கிரிப்டை நூலோடு தரலாம் அல்லவா? ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே தரவு வருமே.

மன்னை டிபிஏ:

பழைய பாத்திரத்தை மாற்றாக எடுப்பது அருமையான விதிவிலக்கு. ஒரே ரசீதில் சரக்கு வெளியேயும் போகிறது, உள்ளேயும் வருகிறது, விடாதீர்கள். ஆனால் ராண்டம் வேண்டாம். 15-ஆம் பதிப்பில் உள்ளிருக்கும் எண் பிறப்பிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள், 14-இல் ஒரு விதைக்கு வந்த எண்கள் 15-இல் அதே விதைக்கு வராது. உங்கள் மொத்த விற்பனைத் தொகை வாசகரின் திரையில் வேறாக இருக்கும். வரிசை எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்கி, வகுத்து மீதி எடுத்து மதிப்புகளை அமைத்தால் எந்தப் பதிப்பிலும் ஒரே விடைதான் வரும். மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் தங்கைக்கும் அதே எண்களே கிடைக்கும்.

நாகை மாணவி:

அண்ணா, அப்படியென்றால் அந்த ஸ்கிரிப்டை முதலில் போட்டுவிடுங்கள். இரண்டிலும் ஏற்றி, மொத்தத் தொகை ஒன்றாக வருகிறதா என்று நான் சரிபார்த்து இங்கேயே எழுதுகிறேன்.